கேஷ்பேக் கிரெடிட் கார்டு வாங்கப் போறீங்களா? கார்டைப் பார்க்குறதுக்கு முன்னாடி உங்க செலவைப் பாருங்க

வேலைக்கு சேர்ந்து சம்பளம் அக்கவுண்ட்ல விழ ஆரம்பிச்சதுமே பேங்க்ல இருந்து போன் வரும், உங்களுக்கு ப்ரீ-அப்ரூவ்டு கார்டு இருக்கு, 5% கேஷ்பேக், லைஃப்டைம் ஃப்ரீ, ஆதார் நம்பர் மட்டும் சொல்லுங்க போதும்னு. மால்ல போனா அங்கயும் ஒரு டேபிள் போட்டு உக்காந்திருப்பாங்க. எந்த கார்டு நல்லதுன்னு என்கிட்ட கேக்குறவங்ககிட்ட நான் திருப்பி கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், போன மாசம் உங்க காசு எங்கெங்க போச்சு? இதுக்கு பதில் தெரியாம யாராலயும் உங்களுக்கு ஏத்த கார்டு எதுன்னு சொல்ல முடியாது, ஏன்னா ஒரு வீட்டுக்கு வருஷம் நாலாயிரம் மிச்சம் பண்ணிக் கொடுக்குற அதே கார்டு பக்கத்து வீட்டுக்கு ஃபீஸ் கட்டின நஷ்டம் மட்டும்தான் கொடுக்கும்.

இன்னொண்ணும் முன்னாடியே சொல்லிடுறேன். சம்பளம் வந்து இருபதாம் தேதிக்குள்ள தீர்ந்து போகுது, மாசக் கடைசில யார்கிட்டயாவது கைமாத்து வாங்குறீங்கன்னா இப்போ கார்டு வேணாம். லோன் ஆப்ல வாங்கின கடன் ஓடிட்டு இருந்தாலும் அதை முடிச்சுட்டு வாங்க. கேஷ்பேக்ங்கிறது பில்லை முழுசா கட்டுறவங்களுக்கு மட்டும்தான் லாபம். அது ஏன்னு கீழ கணக்கு போட்டே காட்டுறேன்.

மூணு மாச செலவை எடுத்து வைங்க

ஜிபே, போன்பே ஹிஸ்டரி, பேங்க் ஸ்டேட்மெண்ட், இது ரெண்டையும் திறந்து மூணு மாசத்து செலவை ஒரு நோட்டுல எழுதுங்க. கடை பேரு முக்கியமில்ல, எந்த வகை செலவுங்கிறதுதான் முக்கியம். வாடகை, ஸ்கூல் ஃபீஸ், கியூஆர் ஸ்கேன் பண்ணி வாங்குற மளிகை காய்கறி, பெட்ரோல், கரண்ட் பில் ரீசார்ஜ் கேஸ், இன்சூரன்ஸ், ஆன்லைன்ல வாங்குறது, சூப்பர் மார்க்கெட் துணிக்கடைன்னு மெஷின்ல தேய்க்கிறது, இப்படி தனித்தனியா.

உதாரணத்துக்கு மதுரைல ஒரு குடும்பம்னு வச்சுக்கோங்க, கணவன் மனைவி ஒரு குழந்தை, மாசச் செலவு 45,000. அதுல வாடகை 13,000, ஸ்கூல் ஃபீஸ் மாசத்துக்கு சராசரியா 4,000, அண்ணாச்சி கடையும் காய்கறியும் கியூஆர்ல 9,000, பெட்ரோல் 3,000, கரண்ட் நெட் ரீசார்ஜ் கேஸ் எல்லாம் சேர்த்து 3,000, இன்சூரன்ஸ் 2,500, ஆன்லைன் 6,000, மெஷின்ல தேய்க்கிற கடைங்க 4,500.

இப்போ இதை ஒரு கார்டு மேல வச்சுப் பார்க்கலாம். எஸ்பிஐ கேஷ்பேக் கார்டு 2022-ல வந்தப்போ பெரிய பேச்சா இருந்துச்சு, எந்த வெப்சைட்டா இருந்தாலும் ஆன்லைனுக்கு 5%, கடையில தேய்ச்சா 1%, வருஷத்துக்கு 999 ரூபா ஃபீஸ், அதுமேல ஜிஎஸ்டி, வருஷத்துல ரெண்டு லட்சம் செலவு பண்ணா ஃபீஸ் திருப்பிக் கொடுத்துருவாங்க. மதுரை குடும்பத்துக்கு ஆன்லைன் 6,000-க்கு 300, கடை 4,500-க்கு 45, மாசம் 345, வருஷத்துக்கு 4,140. ஃபீஸ் 18% ஜிஎஸ்டியோட 1,179. இவங்க கார்டுல போறது வருஷத்துக்கு 1,26,000 தான், பெட்ரோலையும் சேர்த்தாலும் 1,62,000, ரெண்டு லட்சத்தை தொடாது, அதனால ஃபீஸ் திரும்ப வராது. கைக்கு நிக்கிறது 2,961.

அதே குடும்பம் ஆன்லைன்ல வாங்குற 6,000-ல 4,000 அமேசான்லயே வாங்குது, ஏற்கனவே ப்ரைம் (அமேசானோட கட்டண சந்தா) மெம்பர்னு வைங்க. அமேசான் பே ஐசிஐசிஐ கார்டுக்கு வருஷ ஃபீஸே கிடையாது, ப்ரைம் இருந்தா அமேசான்ல 5%, இல்லன்னா 3%, வெளில பொதுவா 1%. அப்போ 4,000-க்கு 200, மீதி ஆன்லைன் 2,000-க்கு 20, கடைக்கு 45, மாசம் 265, வருஷம் 3,180. எல்லா சைட்டுக்கும் 5% கொடுக்குற கார்டை விட ஃபீஸ் இல்லாத கார்டு ஜெயிச்சுருச்சு பாருங்க. ஆனா ப்ரைம் இல்லன்னா இதே கணக்கு வருஷம் 2,220-க்கு இறங்கிரும், கார்டுக்காகவே ப்ரைம் வாங்கினா அந்தக் காசையும் கழிக்கணும். அதுவும் போக இந்த கார்டுல வர்றது அமேசான் பே பேலன்ஸா வரும், உங்க பில்லுல குறையாது. அமேசான்ல எப்படியும் வாங்கிட்டுத்தான் இருப்பீங்கன்னா அது காசு மாதிரிதான், இல்லன்னா செலவு பண்ண வைக்கிற கூப்பன் மாதிரி ஆயிரும்.

இங்க கவனிக்க வேண்டியது, 45,000 செலவுல 10,500 மட்டும்தான் கேஷ்பேக் கணக்குக்கு உள்ள வந்துச்சு. நிறைய பேர் மொத்த செலவுக்கும் 5%-ன்னு மனசுல கணக்கு போட்டு மாசம் ரெண்டாயிரம் வரும்னு நினைச்சு வாங்குறாங்க, மூணாவது மாசம் 300 ரூபா வந்ததும் பேங்க் ஏமாத்திருச்சுன்னு கோவப்படுறாங்க. ஏமாத்தல, விதி அப்படித்தான் எழுதிருக்கு, விளம்பரத்துல மட்டும் அந்த விதியைச் சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க.

இந்த விகிதம், ஃபீஸ் எல்லாம் பேங்க் அடிக்கடி மாத்தும், அதனால நான் சொன்ன நம்பரை அப்படியே எடுத்துக்காம அன்னைக்கு பேங்க் வெப்சைட்ல என்ன இருக்கோ அதை வச்சு உங்க செலவுக்கு இதே கணக்கைப் போடுங்க. அரை மணி நேர வேலை.

விதி படிக்கும்போது எதைத் தேடணும்

ஒவ்வொரு கார்டுக்கும் எம்ஐடிசின்னு ஒரு பிடிஎஃப் இருக்கும், முக்கியமான விதிமுறைகள், வட்டி, சார்ஜ் எல்லாம் அதுல இருக்கும். கேஷ்பேக் விதி தனியா இன்னொரு பிடிஎஃப்ல இருக்கும். அதை முழுசா படிக்க பொறுமை இல்லன்னா முதல்ல எதுக்கெல்லாம் கேஷ்பேக் கிடையாதுங்கிற பகுதியை மட்டும் தேடிப் படிங்க. பெரும்பாலான கார்டுல வாடகை, வாலட்ல காசு ஏத்துறது, பெட்ரோல், ஈஎம்ஐ இதெல்லாம் வெளியதான். கரண்ட் பில், இன்சூரன்ஸ், ஸ்கூல் ஃபீஸ், நகை, இதுக்கெல்லாம் பல கார்டுல கேஷ்பேக் இல்ல, சிலதுல குறைச்ச விகிதம். நம்ம ஊர்ல ஒரு வீட்டோட பெரிய செலவு பூரா இந்த லிஸ்ட்லதான் இருக்கு, அதனாலதான் திரும்பத் திரும்ப சொல்றேன்.

பேங்குக்கு நீங்க என்ன வாங்குனீங்கன்னு தெரியாது, எந்த மாதிரி கடைன்னு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு கடையோட ஸ்வைப் மெஷினுக்கும் எம்சிசின்னு நாலு இலக்க கோடு ஒண்ணு இருக்கு, மளிகை சூப்பர் மார்க்கெட்டுக்கு 5411, பெட்ரோல் பங்குக்கு 5541, கரண்ட் தண்ணி மாதிரி பில்லுக்கு 4900, இன்சூரன்ஸுக்கு 6300, ஸ்கூலுக்கு 8211, நகைக்கடைக்கு 5944, வாடகைக்கு 6513. உங்க தெருவுல இருக்குற டிபார்ட்மெண்டல் ஸ்டோர் மெஷின் வாங்கும்போது வேற ஏதோ வகைல பதிஞ்சிருந்தா, நீங்க அரிசி பருப்பு வாங்கியிருந்தாலும் கார்டுக்கு அது மளிகை கிடையாது. அதனால மளிகைக்கு ஸ்பெஷல் விகிதம் கொடுக்குற கார்டு எடுத்தீங்கன்னா வழக்கமா போற கடைல ஒரு தடவை சின்ன தொகைக்கு தேய்ச்சுப் பார்த்து, அந்த மாச பில்லுல எவ்ளோ கேஷ்பேக் வருதுன்னு பார்த்துட்டு அப்புறம் பெரிய பில் போடுங்க.

அடுத்தது உச்சவரம்பு. 5% ஆனா மாசம் 500 ரூபா வரைக்கும்தான்னு இருந்தா, பத்தாயிரம் ரூபா செலவோட அந்த 5% முடிஞ்சிரும், அதுக்கு மேல அந்த மாசம் எவ்ளோ வாங்கினாலும் அந்த விகிதம் கிடையாது. சில கார்டுல மாசக் கணக்கு காலண்டர் மாசம், சிலதுல பில் சைக்கிள், சிலதுல மூணு மாசத்துக்கு ஒண்ணு. ஃபிரிட்ஜ், ஏசி மாதிரி பெரிய பொருள் வாங்குறப்போ இதைப் பார்க்காம விட்டா ரொம்ப வருத்தமா இருக்கும்.

எந்த வழியா கட்டுறீங்கங்கிறதும் கணக்கு. 2020-ல கூகுள் பே-யோட சேர்ந்து ஆக்சிஸ் ஏஸ் கார்டு வந்துச்சு, அந்த ஆப் வழியா கரண்ட், ரீசார்ஜ் பில் கட்டினா 5%-ன்னு. அதே கரண்ட் பில்லை அதே கார்டுல வேற இடத்துல கட்டினா அந்த 5% கிடையாது. ஸ்விக்கி, ஏர்டெல், ஃப்ளிப்கார்ட்னு கம்பெனி பேரோட வர்ற கார்டுகளும் அப்படித்தான், அந்த ஒரு ஆப்-க்குள்ள நல்லா கொடுக்கும், வெளிய வந்தா சாதாரணம்.

கடைசியா, கேஷ்பேக் எந்த ரூபத்துல வருதுன்னு பாருங்க. நேரா பில்லுல கழியுறது உத்தமம், ஒண்ணும் செய்ய வேண்டாம். பாயிண்டா சேர்ந்து நாமளே போய் மாத்திக்கணும், இத்தனை பாயிண்ட் சேர்ந்தாத்தான் மாத்த முடியும்னு இருந்தா புதுசா ஆரம்பிக்கிறவங்க பாதி பேர் மறந்துருவாங்க, பாயிண்டுக்கு காலாவதி தேதியும் இருக்கும்.

அப்ளை பண்றது

முதல்ல உங்க கிரெடிட் ஸ்கோரைப் பாருங்க. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், க்ரிஃப் ஹை மார்க்னு நாலு கம்பெனி இருக்கு, ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா கொடுக்கணும்னு ஆர்பிஐ விதி, அவங்க சொந்த வெப்சைட்லயே எடுக்கலாம், காசு கட்ட வேண்டியதில்ல. ஸ்கோர் 300-ல இருந்து 900 வரைக்கும், 750-க்கு மேல இருந்தா பொதுவா சிக்கல் இல்ல. ரிப்போர்ட்ல நீங்க வாங்காத கடன் எதுவும் இருக்கான்னும் பார்த்துக்கோங்க.

இதுவரைக்கும் கடனே வாங்காதவங்களுக்கு ஸ்கோரே இருக்காது, அதனால அப்ளிகேஷன் தள்ளுபடி ஆகலாம். அவங்களுக்கு நல்ல வழி எஃப்டி மேல கார்டு வாங்குறது. இருபதாயிரமோ என்னமோ பேங்க்ல எஃப்டி போட்டா அதை ஜாமீனா வச்சு கார்டு கொடுப்பாங்க, எஃப்டிக்கு வட்டி வந்துட்டே இருக்கும், சம்பள சான்றிதழ் பொதுவா கேக்க மாட்டாங்க. வீட்டுல இருக்குற அம்மாக்கள், காலேஜ் முடிச்ச பசங்க, சொந்தமா தொழில் பண்றவங்க, எல்லாருக்கும் இது பொருந்தும். ஒரு வருஷம் ஒழுங்கா கட்டினா ஸ்கோர் வந்துரும், அப்புறம் விருப்பப்பட்ட கேஷ்பேக் கார்டுக்குப் போகலாம்.

ஒரே வாரத்துல நாலஞ்சு பேங்க்ல அப்ளை பண்ணாதீங்க. ஒவ்வொரு அப்ளிகேஷனும் ரிப்போர்ட்ல விசாரணையா பதியும், அடுத்த பேங்க் அதைப் பார்த்துட்டு இவருக்கு என்ன இவ்ளோ அவசரம்னு யோசிக்கும். உங்களுக்கு ஏற்கனவே சம்பளம் வர்ற பேங்க்லயே கேட்டா வேலை சுலபம்.

ஏஜெண்ட் வாயால சொல்றதை நம்பி கையெழுத்து போடாதீங்க. அப்ளிகேஷனோட வட்டி, ஃபீஸ், சார்ஜ் எல்லாம் போட்ட ஒரு பக்க கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட் கொடுக்கணும்னு ஆர்பிஐ 2022-ல போட்ட விதில இருக்கு, அதைக் கேட்டு வாங்குங்க. லைஃப்டைம் ஃப்ரீன்னா அந்தத் தாள்லயும் அப்படியே இருக்கான்னு பாருங்க, முதல் வருஷம் மட்டும் ஃப்ரீன்னு இருக்கலாம். அந்த ஃபாரத்துலயே இன்சூரன்ஸ், கார்டு பாதுகாப்பு பிளான்னு ஏதாவது டிக் அடிச்சு வச்சிருந்தா வேணாம்னு சொல்லுங்க, உங்க சம்மதம் இல்லாம அதைச் சேர்க்கக் கூடாது.

விசா, மாஸ்டர்கார்டு, ரூபேன்னு நெட்வொர்க் தேர்வு செய்யற வாய்ப்பு வந்தா ஒரு நிமிஷம் யோசிங்க. ரூபே கிரெடிட் கார்டை மட்டும்தான் யுபிஐ ஆப்ல சேர்த்து கடை கியூஆர்-ஐ ஸ்கேன் பண்ண முடியும், 2022-ல இருந்து இந்த வசதி இருக்கு. நம்ம ஊர் செலவுல கியூஆர்தான் அதிகம்ங்கிறதால கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைக்காரர் தன் சொந்த அக்கவுண்ட் கியூஆர் வச்சிருந்தா அதுல கிரெடிட் கார்டு போகாது, வியாபாரியா பதிஞ்ச கியூஆரா இருக்கணும், அது போக பல கேஷ்பேக் கார்டு யுபிஐ செலவுக்கு கேஷ்பேக்கே கொடுக்குறதில்ல. ரெண்டையும் பார்த்துட்டு எடுங்க.

கார்டு கைக்கு வந்த அன்னைக்கே செய்ய வேண்டியது

கவர் பிரிச்சதும் ஆப்-ஐ இறக்கி, வெளிநாட்டு பரிவர்த்தனை, ஏடிஎம் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. ஆன்லைன் வேணும்னா ஆன் பண்ணி உங்க தேவைக்கு ஒரு லிமிட் போடுங்க, பேங்க் ஒரு லட்சம் லிமிட் கொடுத்தா ஆன்லைனுக்கு இருபதாயிரம் போதும். டேப் பண்ற வசதில 5,000 ரூபா வரைக்கும் பின் இல்லாமலே போகும்ங்கிறதால கார்டு தொலைஞ்சா பயம்தான், நீங்க பயன்படுத்தலன்னா அதையும் அடைச்சு வைங்க.

அடுத்ததுதான் முக்கியம், ஆட்டோபே. உங்க சம்பள அக்கவுண்ட்ல இருந்து பில் தானா கட்டுற மாதிரி செட் பண்ணுங்க. செட் பண்ணும்போது ரெண்டு ஆப்ஷன் வரும், மினிமம் அமௌண்ட் டியூ, டோட்டல் அமௌண்ட் டியூ. டோட்டலைத்தான் எடுக்கணும். மினிமம் எடுத்து வச்சிட்டு ஆட்டோபே போட்டாச்சேன்னு நிம்மதியா இருந்து, மாசக்கணக்குல வட்டி ஏறிட்டே போனவங்க நிறைய. கார்டு ஒரு பேங்க், சம்பளம் இன்னொரு பேங்க்னா ஆட்டோபே பதிவாக கொஞ்ச நாள் எடுக்கும், அதனால முதல் பில்லை மட்டும் நீங்களே கையால கட்டிருங்க.

பில் தேதியையும் பாருங்க. சம்பளம் ஒண்ணாம் தேதி வருது, கட்ட வேண்டிய கடைசி தேதி 27-ன்னா கஷ்டம், அப்போ கைல காசு இருக்காது. பில் சைக்கிளை மாத்திக்க ஒரு தடவையாவது வாய்ப்பு கொடுக்கணும்னு விதி இருக்கு, கடைசி தேதி அஞ்சாம் தேதிக்குப் பக்கமா வர்ற மாதிரி மாத்திக் கேளுங்க.

பில்லும் வட்டியும்: இதை மட்டும் நிதானமா படிங்க

உங்க பில் மாசா மாசம் 5-ம் தேதி போடுறாங்க, கட்ட கடைசி நாள் 25-ம் தேதின்னு வைங்க. ஜூன் 6 வாங்கின பொருள் ஜூலை 5 பில்லுல வரும், ஜூலை 25 வரைக்கும் கட்டலாம், கிட்டத்தட்ட 50 நாள் வட்டி இல்லை. ஜூலை 4 வாங்கினா அதே பில்லுல வந்துரும், 21 நாள்தான். பெரிய பொருள் வாங்குறதா இருந்தா பில் போட்ட மறுநாள் வாங்குறது நல்லது, இது எல்லாருக்கும் உதவுற சின்ன விஷயம்.

இப்போ ஜூன் 10 அன்னைக்கு ஆன்லைன்ல 20,000-க்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்குறீங்க. 5% கேஷ்பேக், ஆயிரம் ரூபா. சந்தோஷம். ஜூலை 5 பில் வருது, டோட்டல் டியூ 20,000, பக்கத்துலயே மினிமம் டியூ 1,000-ன்னு போட்டிருக்கு. இந்த மாசம் கொஞ்சம் டைட்டா இருக்கு, ஆயிரம் கட்டிட்டு மீதியை அடுத்த மாசம் பார்க்கலாம்னு ஜூலை 25 அன்னைக்கு ஆயிரம் கட்டுறீங்க. லேட் ஃபீஸ் வராது, அது சரி. ஆனா முழுசா கட்டலன்னதும் அந்த வட்டி இல்லாத நாள் சலுகை போச்சு, வட்டி ஜூலை 25-ல இருந்து இல்ல, வாங்கின நாளான ஜூன் 10-ல இருந்தே ஓடும். மாசம் 3.75%, அதாவது வருஷத்துக்கு 45%. மீதி 19,000-க்கு மட்டும் ஜூன் 10-ல இருந்து ஆகஸ்ட் 5 பில் வரைக்கும் 56 நாள் கணக்கு போட்டாலே வட்டி 1,300 தாண்டுது, வட்டி மேல 18% ஜிஎஸ்டி, மொத்தம் 1,500-க்கு மேல. கிடைச்ச ஆயிரம் ஒரே பில்லுல போய் கூட 500 கைவிட்டுப் போச்சு, 19,000 கடன் அப்படியே நிக்குது. இதுக்கு மேல இன்னொரு அடி இருக்கு, பழைய பாக்கி நிக்கிற வரைக்கும் நீங்க புதுசா வாங்குற பால் பாக்கெட்டுக்குக் கூட வட்டி இல்லாத நாள் கிடையாது, வாங்கின அன்னைல இருந்தே வட்டி ஓடும்.

இந்த வட்டிக்கு ஒரு காலத்துல 30%-க்கு மேல வாங்கக் கூடாதுன்னு தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல உத்தரவு போட்டுச்சு, ஆனா உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர்ல அந்த உத்தரவை ரத்து பண்ணிருச்சு. அதனால யாராவது காப்பாத்துவாங்கன்னு நினைக்காதீங்க, நம்மதான் பார்த்துக்கணும். என்னைக்காவது நிஜமாவே முழுசா கட்ட முடியலன்னா மினிமம் கட்டிட்டு சும்மா இருக்காம, எவ்ளோ முடியுமோ அவ்ளோ சீக்கிரமா கட்டுங்க, மீதியை தீர்க்குற வரைக்கும் கார்டைத் தொடாதீங்க. பேங்க்ல கேட்டு மீதியை ஈஎம்ஐ-யா மாத்துனா வட்டி பெரும்பாலும் பாதிக்குப் பக்கம் இறங்கும், அதுவும் ஒரு வழி.

ஒருநாள் ரெண்டு நாள் மறந்து தாமதமாயிட்டா பதற வேண்டாம், கடைசி தேதி தாண்டி மூணு நாளுக்கு மேல ஆனாத்தான் லேட் ஃபீஸ் போடலாம்னு விதி இருக்கு. ஆனா அதை கணக்குல வச்சு கட்டுறதை தள்ளிப் போடாதீங்க.

கேஷ்பேக்கைத் தின்னுட்டுப் போற விஷயங்க

எலக்ட்ரானிக்ஸ் கடை, நகைக்கடைல கார்டுன்னா 2% எக்ஸ்ட்ரா ஆகும்ணே-ன்னு சொல்வாங்க. 1% கேஷ்பேக்குக்கு 2% கொடுக்குறதுல அர்த்தமே இல்ல, யுபிஐ-லயே கட்டிருங்க. ஆன்லைன்ல பில் கட்டும்போதும் கடைசி ஸ்க்ரீன்ல கன்வீனியன்ஸ் ஃபீஸ்னு ஒண்ணு சேருதான்னு பாருங்க. வாடகையை ஆப் வழியா கார்டுல கட்டினவங்களுக்கு ஆப்-க்கு ஒரு சார்ஜ், பேங்குக்கு இன்னொரு 1% வரைக்கும், கேஷ்பேக் பூஜ்யம்னு இருந்துச்சு, 2025-ல பல ஆப் இந்த வசதியையே நிறுத்திருச்சு.

கார்டை ஏடிஎம்-ல போட்டு காசு எடுக்கவே எடுக்காதீங்க. எடுத்த தொகைல 2.5% இல்லன்னா 500 ரூபா, எது அதிகமோ அது சார்ஜ், அது போக அந்த நிமிஷத்துல இருந்தே வட்டி. நோ காஸ்ட் ஈஎம்ஐ-ல வட்டியை தள்ளுபடியா கழிச்சுக் காட்டினாலும் அந்த வட்டிக்கான ஜிஎஸ்டியை நம்மதான் கட்டுறோம், ப்ராசசிங் ஃபீஸ் தனி, பல கார்டுல ஈஎம்ஐ-க்கு கேஷ்பேக்கும் கிடையாது. வெளிநாட்டு சைட்ல டாலர்ல வாங்குனா 3.5% வரைக்கும் மார்க்கப், அதாவது கரன்சி மாத்துற கட்டணம் போகும், 5% கேஷ்பேக்ல பெரும்பங்கு அங்கயே கரைஞ்சிரும்.

நண்பர்களுக்கு, சொந்தக்காரங்களுக்கு உங்க கார்டுல போன் வாங்கிக் கொடுக்குறது நம்ம ஊர்ல சகஜம், மாமா உன் கார்டுல ஆஃபர் இருக்கே, வாங்கிக் கொடு, காசு போட்டு விடுறேன்னு. கேஷ்பேக் வருதேன்னு நமக்கும் ஆசை. ஆனா அவர் காசு தர தாமதமானா பில் உங்க தலைலதான், ஸ்கோரும் உங்களோடதுதான். அதனால காசு முன்னாடியே அக்கவுண்ட்ல வந்தா மட்டும் வாங்குங்க. ஒரு வருஷத்துல கார்டு பில் 10 லட்சம் தாண்டினா பேங்க் வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும்ங்கிறதையும் ஞாபகம் வைங்க, ஊருக்கெல்லாம் வாங்கிக் கொடுத்துட்டு உங்க சம்பளத்துக்கு மேல செலவு காட்டினா கேள்வி வரும்.

ஃபீஸ் தள்ளுபடிக்கு இன்னும் பதினஞ்சாயிரம்தான் பாக்கின்னு தேவையில்லாம எதையாவது வாங்குறதும் இதே கதைதான். ஆயிரத்து சொச்சம் மிச்சம் பண்ண பதினஞ்சாயிரம் செலவு. அடுத்த மாசம் எப்படியும் கட்டப் போற ஒரு செலவை முன்னாடி கொண்டு வர முடிஞ்சா செய்யுங்க, இல்லன்னா ஃபீஸைக் கட்டிட்டுப் போங்க.

லிமிட்ல 30%-க்குள்ளயே செலவை வச்சுக்கிறது ஸ்கோருக்கு நல்லது. பொருளைத் திருப்பி அனுப்பினா அதுக்கு வந்த கேஷ்பேக்கையும் திரும்ப எடுத்துப்பாங்க, அது சரிதான். ரீஃபண்ட் வருதேன்னு நீங்களா பில்லுல கழிச்சுட்டு கட்டாதீங்க, ஆப்-ல கட்ட வேண்டிய தொகை குறைஞ்சு காட்டுதான்னு பார்த்துட்டு கட்டுங்க.

மாசம் பத்து நிமிஷம் பில்லைப் படிங்க

பில் வந்ததும் தொகையை மட்டும் பார்க்காம ஒவ்வொரு வரியா படிங்க. நீங்க வாங்காதது ஏதாவது இருக்கா, நிறுத்தின ஓடிடி சந்தா இன்னும் ஓடுதா, கேஷ்பேக் நீங்க போட்ட கணக்குக்கு ஒத்து வருதா. ஒத்து வரலன்னா எந்த வரிக்கு வரலன்னு தேடுங்க, பெரும்பாலும் எம்சிசிதான் காரணமா இருக்கும்.

நீங்க பண்ணாத பரிவர்த்தனை தெரிஞ்சா உடனே ஆப்-ல கார்டை பிளாக் பண்ணிட்டு பேங்குக்கு சொல்லி புகார் நம்பர் வாங்குங்க. உங்க பக்கம் தப்பு இல்லாம வெளி ஆள் பண்ண மோசடின்னா மூணு வேலை நாளுக்குள்ள சொன்னவங்களுக்கு நஷ்டம் கிடையாதுன்னு 2017-ல இருந்தே ஆர்பிஐ விதி. நீங்களே ஓடிபி கொடுத்திருந்தா கதை வேற, பேங்குக்கு சொல்ற வரைக்கும் போன காசு உங்க நஷ்டம்தான். அதனால ரிவார்டு பாயிண்ட் இன்னைக்கு எக்ஸ்பயர் ஆகுது, லிங்க்கைத் தொடுங்க, இந்த ஃபைலை இறக்குங்கன்னு வர்ற மெசேஜை திறக்கவே வேணாம், லிமிட் ஏத்தித் தர்றோம்னு ஓடிபி கேக்குற போனையும் வச்சிருங்க. காசு போயிருந்தா சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்க, சீக்கிரம் கூப்பிட்டா காசை பாதி வழில நிறுத்த வாய்ப்பு இருக்கு. பேங்க்ல புகார் கொடுத்து 30 நாள்ல பதில் இல்லன்னாலோ, பதில் திருப்தி இல்லன்னாலோ ஆர்பிஐ குறைதீர்ப்பாளர்கிட்ட ஆன்லைன்லயே இலவசமா புகார் பண்ணலாம்.

கார்டு இனி ஒத்து வரலன்னா

வருஷத்துக்கு ஒரு தடவை, ஃபீஸ் பிடிக்கிற மாசத்துக்கு முன்னாடி, வந்த கேஷ்பேக்கையும் கட்டின ஃபீஸையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. சார்ஜ் ஏத்துனா பேங்க் ஒரு மாசம் முன்னாடி சொல்லணும், அது பிடிக்கலன்னா கூடுதல் கட்டணம் இல்லாம கார்டை ஒப்படைக்கலாம். ஃபீஸ் இல்லாத உங்க முதல் கார்டை மட்டும் அவசரப்பட்டு மூடாதீங்க, பழைய கணக்கு ஸ்கோருக்கு உதவும், ஆனா வருஷம் முழுக்க தொடாம வச்சிருந்தா பேங்கே தகவல் சொல்லிட்டு மூடிரலாம், அப்பப்போ ஒரு ரீசார்ஜ் பண்ணி வைங்க.

மூடுறதுன்னு முடிவு பண்ணிட்டா முதல்ல சேர்ந்திருக்குற கேஷ்பேக்கை வாங்கிக்கோங்க, கார்டு மூடினா அது போயிரும். அப்புறம் அதுல ஓடுற ஓடிடி, ரீசார்ஜ் ஆட்டோபே எல்லாத்தையும் வேற இடத்துக்கு மாத்துங்க, பாக்கியை பைசா விடாம கட்டுங்க, ஆப்-லயோ மெயில்லயோ மூடச் சொல்லி எழுதுங்க, போன்ல மட்டும் சொல்லி விட்டுடாதீங்க. பாக்கி இல்லன்னா ஏழு வேலை நாளுக்குள்ள மூடணும், அதுக்கு மேல தாமதமானா நாளுக்கு 500 ரூபா பேங்க் உங்களுக்குக் கொடுக்கணும்னு விதி. மூடியாச்சுன்னு வர்ற மெயிலை பத்திரமா வச்சுக்கோங்க, ரெண்டு மாசம் கழிச்சு கிரெடிட் ரிப்போர்ட் எடுத்து அந்தக் கார்டுக்கு நேரா க்ளோஸ்டுன்னு போட்டிருக்கான்னு ஒரு தடவை பார்த்துருங்க.